வானவில்லுக்குக் குச்சி அடித்த கதை

சாரல் முகத்தில் அடிக்கிறது. முதுகில் மாலை வெயில் காய்கிறது. கையில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, காடு வெட்டி எரித்த நிலத்தில் கரிக்கட்டைகளைத் தாண்டித் தாண்டி நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். பின்னால் தோட்டமே கூடி நின்று கத்துகிறது.

"ஓடு ரெங்கா, ஓடு! விட்றாதே!"

நான் துரத்தியது அவிழ்த்துக்கொண்டு போன மாட்டை அல்ல. கோழித் திருடனையும் அல்ல. வானவில்லின் காலை. அது தரையில் இறங்கும் இடத்தைத் தொட்டு, அங்கே குச்சியை நட்டுவிட வேண்டும் என்று ஓடினேன்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் இன்னும் இருக்கிறது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு மீசை நன்றாகவே முளைத்திருந்தது. அதை முறுக்கிவிட்டுக்கொண்டுதான் ஓடினேன்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் புலியை விரட்டிய பிரதாபத்தை எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரி அதைப் படித்துவிட்டு, "புலி தானாப் போச்சு, நீங்க கொட்டாயிக்குள்ள இருந்தீங்க. அந்தக் கிணத்துக் கதைய எழுதுங்களேன், பாப்போம்" என்றாள். எழுதாவிட்டால் வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அரை சர்வேயர்

மலாய் நாட்டில், செமோரிலிருந்து உள்ளே தள்ளி, மாட்டு வண்டி போகும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். பெரிய சண்டை, அதாவது உலக யுத்தம், முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். புதிது புதிதாகக் காட்டை அழித்துக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் வேலை நிரைக்குக் குச்சி அடிப்பது. எரித்த காட்டில் கயிறு பிடித்து, கன்று நடுவதற்குக் குழி தோண்ட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி அடிக்க வேண்டும். நிரை கொஞ்சம் கோணினாலும் துரை வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. என் நிரை கோணாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதல் குச்சிக்குப் பின்னால் நின்று பார்த்தால், கடைசிக் குச்சி வரைக்கும் ஒரே குச்சியாகத் தெரியும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

போதாக்குறைக்கு, ஈப்போவிலிருந்து வந்த நில அளவைக்காரர் ஒருவருக்குக் கொஞ்ச நாள் அளவுச் சங்கிலி தூக்கியிருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் நிற்கிறது என்றால், தண்ணீரில் கால் வைக்காமலே அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார் அந்த மனுஷர். இங்கிருந்து மரத்தைப் பார்த்து ஒரு கோடு, தள்ளி நின்று பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே மரம். இதைப் பார்த்த நாளிலிருந்து நானும் அரை சர்வேயர் என்று நினைப்பு. மீதி அரையைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

இரண்டு லயம், ஒரு கிணறு

தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு குடியிருப்புகள். நான் மேல் லயத்தான். எங்களுக்கு மலையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் வரும். மெலிசாக வந்தாலும் சுத்தமாக வரும்.

கீழ் லயத்துக்கு ஓடைத் தண்ணீர். அந்த ஓடை வரும் வழியில் ஈயச் சுரங்கம் ஒன்று இருந்தது. லம்பம் என்போம். லம்பத்தில் மண்ணைக் கழுவிய தண்ணீர் எல்லாம் ஓடையில்தான் வந்து சேரும். பார்க்கப் பால் ஊற்றிய தேத்தண்ணீர் நிறம். துணியில் வடிகட்டி, மண் அடியில் தங்கும் வரை வைத்திருந்து குடிப்பார்கள்.

கீழ் லயத்தில் செல்லம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றாலே போய்ப் போய்த் தவறிவிட்டன. மூன்றாவது பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். செல்லம்மாவின் தங்கை பாக்கியம், மரத்தில் பால் வெட்டுகிறவள். கத்தியைவிட வாய் நன்றாக வெட்டும். அவளைப் பார்ப்பதற்காகவே, தேவை இல்லாமல் குச்சிக்கட்டைச் சுமந்துகொண்டு கீழ் லயத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். புலி விஷயத்தில் என் மானத்தை வாங்கியவள் அவள்தான். இந்தக் கிணற்றுச் சமாசாரத்துக்கு அப்புறம் எனக்கே மனைவியாக வந்தாள்.

தோட்டத்து டாக்டர் ஏதோ கண்டித்துச் சொன்னதால் துரை ஒரு கிணறு தருகிறேன் என்றார். ஒன்றே ஒன்று. சிமெண்டு உறைகளும் வந்து ஸ்டோர் வாசலில் அடுக்கியாகிவிட்டது. "இடத்தை நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கள். அடுத்த சம்பள நாளுக்குள் சொல்லாவிட்டால் உறைகள் பங்களாவுக்குப் போய்விடும்" என்று துரை சொல்லிவிட்டார். அதில் செடி வைக்கத் துரைசாணி அம்மாவுக்கு ஆசை.

அன்றைக்குச் சாயங்காலமே சண்டை ஆரம்பித்தது. மேல் லயத்தில் ஆள் அதிகம். பெரிய கங்காணி வீரப்பனும் எங்கள் லயம்.

"கீழ எங்க தோண்டினாலும் லம்பத்துத் தண்ணிதான் ஊறும். கிணறு மேலதான் வரணும்" என்றார் கங்காணி.

"ஒங்களுக்குத்தான் கொழா இருக்குல்ல? எங்க புள்ளைங்க சேத்தக் குடிக்குது, அது தெரியலையா?" என்றாள் பாக்கியம்.

"பொம்பளப் புள்ள கம்முனு இரு."

"தண்ணி தூக்குறது மட்டும் பொம்பளப் புள்ள, பேசுறது ஆம்பளையா?"

நான் மேல் லயத்தான். நியாயமோ கீழ் லயத்தில் இருந்தது. அதற்கு மேல் பாக்கியமும் அங்கே இருந்தாள். ஆகவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விரல் நீட்டாதே

இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னவர் பாக் சமான். தோட்டத்துக் கடைக்கு அரிசி மூட்டை ஏற்றி வரும் மலாய் வண்டிக்காரர். எங்களோடு பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார்.

"பெலாங்கி இருக்கு இல்ல, வானத்துல? அது பாம்பு லா. மழை நின்னா தண்ணி குடிக்க இறங்கும். கெட்ட தண்ணி குடிக்காது. அது குடிக்கிற எடத்துல தோண்டு" என்றார்.

இரண்டு லயமும் இதற்கு உடனே தலையாட்டின. வானவில்லுக்கு மேல் லயம், கீழ் லயம் என்ற பாகுபாடு கிடையாது. கங்காணி சொன்னாலும் கேட்காது. இதைவிட நடுநிலையான ஆளை எங்கே தேடுவது?

ஒரே ஒரு சிக்கல். வானவில்லை விரலால் சுட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் விரல் கோணிப் போகும் என்பது மலாய்க்காரர்கள் வழக்கம். அது எங்களுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. கோணல் விரலோடு பால் வெட்ட முடியுமா, சொல்லுங்கள். அதனால் முதல் மழைக்கு வானவில் தோன்றியதும் எல்லாரும் முகவாயாலும் முழங்கையாலும் இடத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

"அதோ, அந்தக் கருகின கட்டை பக்கம்!"

"எந்தக் கட்டைண்ணே? எல்லாக் கட்டையும் கருகித்தான் இருக்கு."

"என் மொகவாய் போற பக்கம் பாருடா!"

"ஒங்க மொகவாய் ரெண்டு பக்கமும் போவுதேண்ணே!"

மேல் லயத்தார் பெரிய பாறைப் பக்கம் இறங்கியது என்றார்கள். கீழ் லயத்தார் பள்ளத்துப் பக்கம் என்றார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். அதற்குள் வானவில் கலைந்துவிட்டது.

அப்போதுதான் அரை சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

வெட்டாத கோடுகள்

என் திட்டம் மிகச் சுலபம். மேல் லயத்தில் நான் நிற்பேன். கீழ் லயத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அடுத்த வானவில் வந்ததும், காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்குத் தட்டுகிற தண்டவாளத் துண்டைக் கங்காணி தட்டுவார். அதே நேரத்தில் இரண்டு பேரும் காலடியில் ஒரு குச்சி, வானவில்லின் கால் தெரியும் திசையில் முன்னால் ஒரு குச்சி அடித்துவிட வேண்டும். விரலே வேண்டாம். பிறகு இரண்டு குச்சிகளையும் வைத்து நிரையை நீட்டிக்கொண்டே போனால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் வானவில்லின் கால்.

கீழ் லயத்துக்குப் பாக்கியத்தின் பெயரைச் சொன்னேன். கை நடுங்காத ஆள் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் உங்களுக்கே தெரியும்.

மழை வந்தது, வில்லும் வந்தது. தண்டவாளம் ஒலித்தது. குச்சிகள் இறங்கின. அடுத்த ஓய்வு நாளில் வெற்றிலையும் கையுமாகத் தோட்டமே எங்கள் பின்னால் கிளம்பியது. நான் என் நிரையை நீட்டினேன், பாக்கியம் அவள் நிரையை நீட்டினாள்.

"எங்கடா வெட்டுது?" என்றார் கங்காணி.

"பொறுங்கண்ணே, இதோ வெட்டிரும்."

வெட்டவில்லை. எரித்த காட்டின் நடுவுக்கு வந்தோம். வெட்டவில்லை. லம்பத்து எல்லைக் கால்வாய் வந்துவிட்டது. கிளம்பிய இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அங்கேயும் அதே தூரம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் லம்பத்துச் சீனர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்படியே போனா மலையெல்லாம் தாண்டிக் கிளந்தான்ல போயி வெட்டுமாடா?" என்று கேட்டார் கங்காணி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாக்கியத்தின் மேல் பாய்ந்தேன். "ஏ புள்ள, நீதான் கோணலா அடிச்சிட்டே!"

"என் குச்சி நேராத்தான் நிக்குது. ஒங்க கண்ணு கோணலா இருந்தா நான் என்ன பண்ண?"

சரி, இடம் மாற்றிக்கொள்வோம் என்றேன். அடுத்த வானவில்லுக்கு நான் கீழே, அவள் மேலே. மறுபடி குச்சி, மறுபடி ஊர்வலம். மறுபடியும் இரண்டு கோடுகளும் முறைத்துக்கொண்ட பங்காளிகள் போல ஒட்டாமலே போயின.

"பரவாயில்லடா. நடுவுல கன்னு நட்டுறலாம், நல்ல நிரை" என்றார் கங்காணி. சிரிப்பு லம்பம் வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு வானவில் கங்காணி என்று பெயர். பால் நிறுக்கும் இடத்தில் கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சிரிப்பைக் கூடத் தாங்கிக்கொண்டேன். சம்பள நாள் நெருங்கிவிட்டது. துரைசாணி அம்மா குடையும் கையுமாக வந்து உறைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரம் செல்லம்மாவின் பையனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது.

செல்லம்மா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "தம்பி, ஒங்க கோடு வெட்டுதோ வெட்டலியோ, எனக்குத் தெரியாது. ஏதாச்சும் ஒரு எடத்தச் சொல்லிருங்க தம்பி. இவனையும் என்னால குடுக்க முடியாது" என்றாள். பையன் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மூன்றாவது பிள்ளை போய்விடுமோ என்று ஒருத்தி நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நானோ என் கண் நேரா, கோணலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டம்

சம்பளத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். மேற்கே வெயில், கிழக்கே மழை. இதுதான் கடைசி வாய்ப்பு. "கோடும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே ஓடிப்போயி அது காலடியில குச்சிய நட்டுட்டு வாரேன்!" என்று மீசையை முறுக்கினேன்.

பாக்கியம் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓடுங்க. ஆனா எங்க லயத்துலேர்ந்து ஓடுங்க. கங்காணியும் மேல் லயத்து ஆளுங்களும் எங்க எறவாரத்துக்கு வரட்டும். எங்க கூடவே நின்னு அவங்க கண்ணாலேயே பாக்கட்டும்" என்றாள்.

என் வீரத்துக்குச் சாட்சி சேர்க்கிறாள் என்று நான் பூரித்துப்போனேன். மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்ததென்று மேல் லயத்தாரும் வந்து இறவாரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

வானவில் முளைத்தது. அதன் கால், எரித்த காட்டில் பளிச்சென்று இறங்கியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த கட்டைகள் கூட நிறம் மாறித் தெரிந்தன. ஓடினேன். நான் ஓட ஓட அதுவும் நகர்ந்தது. நான் கட்டையைத் தாண்டினால் அது பாறையைத் தாண்டியது. விட்டேனா பார் என்று ஓடினேன்.

"சோத்தாங்கை பக்கம்!" என்று பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல். ஒதுங்கி ஓடினேன். "கொஞ்சம் பீச்சாங்கை பக்கம்!" அதையும் செய்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறப் போனபோது, "நில்லுங்க!" என்றாள்.

"இல்ல புள்ள, இன்னும் முன்னால இருக்கு!"

"நில்லுங்கன்னா நில்லுங்க! நீங்க அதுக்குள்ளதான் நிக்கிறீங்க!"

நின்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, கரிதான் இருந்தது. வானவில்லின் கால் எனக்கு முன்னால், லம்பத்துப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தது.

எல்லாரும் நனைந்துகொண்டே பள்ளத்துக்கு ஓடி வந்தார்கள். "இங்க இல்லண்ணே, அது இன்னும் தள்ளி இருக்கு" என்று நான் உண்மையைச் சொன்னேன்.

"அட போடா!" என்றார் கங்காணி. அவர் முகத்தில் கேலியே இல்லை. "என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஒன் மண்டையில செவப்பு, தோள்ல பச்ச. நேரா ஒன் மேலதான்டா இறங்குச்சு. குச்சிய அடி."

மேல் லயத்தார், கீழ் லயத்தார் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைப் பார்த்திருந்தார்கள். முதல் தடவையாகத் தோட்டம் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது. ஒத்துக்கொள்ளாதவன் நான் ஒருவன்தான். குச்சியை என் கையிலிருந்து பிடுங்கிக் கங்காணியே அடித்தார்.

சம்பள நாளன்று துரையிடம் இடத்தைச் சொன்னார்கள். தோண்டத் தோண்ட முதலில் செந்தண்ணீர், பிறகு வெண்மண், அப்புறம் கண்ணாடி மாதிரி தண்ணீர் சுரந்தது. முதல் குடத்தைச் செல்லம்மா தூக்கிப்போய்க் கஞ்சி காய்ச்சினாள். பையன் மெள்ள மெள்ளத் தேறினான். இப்போது தைப்பிங்கில் லாரி ஓட்டுகிறான்; ஆள் வாசலை அடைத்துக்கொண்டு வருவான். அவன் தேறி மறுபடி தவழ்ந்த அன்று நான் குச்சிக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கரிப்புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிற்பாடு தெரிந்த சங்கதி

வருஷங்கள் ஓடின. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து பிள்ளை குட்டிகளோடு குடியேறிவிட்டோம். மகள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு விளையாடப் போயிருந்தாள். புரட்டினால் வானவில் படம். எனக்குப் பழைய புண்ணில் கை பட்ட மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன்.

சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டுமாம், மழைத்துளி முன்னால். வெளிச்சம் துளிக்குள் நுழையும்போது வளைந்து, உள்சுவரில் மோதித் திரும்பி, வெளியே வரும்போது நிறம் நிறமாகப் பிரிகிறது. அப்படித் திரும்பும் நிறம் ஒரு குறிப்பிட்ட சாய்வில்தான் கண்ணுக்கு வரும். என் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பும் துளி வேறு, உங்கள் கண்ணுக்கு அனுப்பும் துளி வேறு. ஆகையால் அவரவர் வானவில் அவரவருக்கு. நடந்தால் அதுவும் கூடவே நடக்கும். அதன் காலை எவனும் தொட்டதில்லை, தொடவும் முடியாது. சூரியன் எங்கோ தொலைவில் இருப்பதால் ஒளி எல்லாருக்கும் ஒரே பக்கமாக வந்து விழுகிறது. அதனால் தள்ளித் தள்ளி நிற்கிற இரண்டு பேருக்கும் வில்லின் கால் ஒரே திசையில்தான் தெரியும்.

ஒரே திசை! அப்படியானால் கோடுகள் எப்படி வெட்டும்? என் குச்சியும் சரி, பாக்கியத்தின் குச்சியும் சரி! என் வாழ்நாளில் நான் அடித்ததிலேயே சுத்தமான நிரை அதுதான். சந்தோஷம் தாங்காமல் கொல்லைக்கு ஓடி, ரப்பர் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி, முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். சின்னதாக ஒரு வில் வந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, வானத்தையா கழுவுகிறாய் என்று மலாயில் கேட்டாள்.

நனைந்த சட்டையோடு அப்படியே நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. இறவாரத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது திசை மட்டும்தான். அந்தத் திசையில் நான் பத்தடியில் நின்றிருந்தாலும் வானவில் என் மேல்தான் இறங்கியிருக்கும். லம்பத்து எல்லையில் போய் நின்றிருந்தாலும் அப்படித்தான்.

குழாயை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். பாக்கியம் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏ பாக்கியம், அன்னிக்கு வானவில்லு நெஜமாவே என் மேலதான் இறங்குச்சா?"

"ஆமா. கங்காணியுந்தான் பாத்தாரே."

"நான் இன்னும் தூரமா ஓடியிருந்தா?"

"அப்பவும் ஒங்க மேலதான் இருந்திருக்கும். நீங்க ஓடுற வழியெல்லாம் கூடவே வந்துச்சே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"பின்ன ஏன் அந்தப் பள்ளத்துல நிக்கச் சொன்னே?"

கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டுவிட்டு, இத்தனை வருஷம் கழித்து இதைக் கேட்கிறீர்களே என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு மேல போயிருந்தா, ஒரு இடுப்புல நோஞ்சான் புள்ள, ஒரு இடுப்புல கொடம், எங்க அக்கா எப்படிங்க தூக்கிட்டு வந்திருப்பா?"